வயர் ஆடாத லாரி

ராக்கியண்ணனும் அவருடைய மச்சினன்மார் அங்கமுத்து, பொன்னுரங்கம் இருவரும் சேர்ந்து ஒரு லாரி வைத்திருந்தார்கள். மூன்று பேரும் நல்லவர்கள். அதற்கு மேல் அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஒரு நாள் ஒட்டன்சத்திரத்தில் தக்காளி ஏற்றிக்கொண்டு ஈரோட்டுச் சந்தைக்குக் கிளம்பினார்கள். தாராபுரத்துக்கு முன்னாலேயே கருகிய வாடை வந்து, ஹெட்லைட் அவிந்துபோனது. இரவு மணி ஒன்பது. விடியற்காலைச் சந்தையைத் தவறவிட்டால் தக்காளி கூழாகிவிடும். இனி யாரும் நம்பி லோடு தர மாட்டார்கள். ராக்கியண்ணன் எலெக்ட்ரீஷியன் காளியப்பனுக்குப் போன் போட்டார்.

"அண்ணா, மொதல்ல பேட்டரி கனெக்சனைக் கழட்டுங்க. கருகின வயரை வெட்டிப்போட்டு அதே தடிமன்ல புதுசு போடுங்க. முறுக்கி டேப்பு சுத்தாதீங்க, கிளிப்பு வெச்சு இறுக்குங்க. இரும்புல உரசற எடத்துல ரப்பர் குழாய் மாட்டுங்க. முக்கியமா, வயர் ஆடவே கூடாது. ஆடுச்சுன்னா தேஞ்சு தீப்பிடிச்சுக்கும்."

பேட்டரியைக் கழற்றினார்கள். பொன்னுரங்கத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"கழட்டுனது வயருக்குள்ள இருக்கற கரண்டுக்குத் தெரிய வேண்டாமுங்களா மாமா?"

நியாயமான கேள்விதான். தெரியட்டும் என்று அரை மணி நேரம் காத்திருந்தார்கள்.

பிறகு காளியப்பன் சொன்னபடியே இம்மி பிசகாமல் செய்து முடித்தார்கள். லைட் பளிச்சென்று எரிந்தது. ராக்கியண்ணனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஏறி உட்கார்ந்து இன்ஜினை ஸ்டார்ட் செய்தார். லாரி குலுங்கியது.

"மாமா, வயர் ஆடுது!" என்று அலறினான் அங்கமுத்து.

இன்ஜினை அணைத்தார். மூவரும் தரையில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"வண்டி ஆடுனா வயர் ஆடும்," என்றான் பொன்னுரங்கம்.

"அப்ப வண்டி ஆடக் கூடாது," என்றான் அங்கமுத்து.

"ஆடாம எப்படி மாப்ள ஓடும்?"

"ஓடோணும்னு அவர் சொல்லவே இல்லீங்களே மாமா."

ராக்கியண்ணன் எழுந்து ஊருக்குள் போய் ஒரு கிரேனையும் ஒரு பெரிய டிரெய்லரையும் கூட்டிவந்தார். டிரெய்லர் டிரைவர் லாரியைச் சுற்றிவந்து பார்த்தார்.

"தக்காளியை மட்டும் வேற வண்டிக்கு மாத்திக்கலாமுங்களே?"

"எதுக்குங்க? எங்க வண்டிக்கு என்ன கேடு? லைட்டு எரியுது பாருங்க!" என்றார் ராக்கியண்ணன், கொஞ்சம் கோபமாகவே.

லோடோடு லாரியைத் தூக்கி டிரெய்லர் மேல் வைத்தார்கள். வழியெல்லாம் ராக்கியண்ணன் தன் சீட்டில் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு ஸ்டியரிங்கைத் திருப்பி, எதிரே வந்தவர்களுக்கு ஹாரன் அடித்தார். மச்சினன்மார் ஆளுக்கொரு பக்கம் வயரைப் பிடித்துக்கொண்டார்கள். தக்காளி சந்தைக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தது.

இறங்கியதும் ராக்கியண்ணன் காளியப்பனுக்குப் போன் போட்டார்.

"தம்பி, நீங்க சொன்ன வேலைன்னா வேலைதான்! எண்பது கிலோமீட்டர் வந்தாச்சு, வயர் அசையவே இல்ல. அதைவிட அதிசயம், டீசல் ஒரு சொட்டுக்கூடக் குறையலீங்க!"