முதலாளியின் கண்

மதுரை டவுன்ஹால் ரோட்டில் டிவிக் கடை வைத்திருந்த ராஜமன்னாருக்குத் தன் கண்மேல் அபார நம்பிக்கை. டிவிடியை ஓரங்கட்டப் புதுத் தட்டுகள் வந்த சமயம் அது. ப்ளூ-ரேயா, எச்டி டிவிடியா என்று இரண்டு ஏஜெண்டுகள் கடைக்குள்ளேயே மல்லுக்கு நின்றார்கள்.

முதலாளி, டிவிகளுக்கு வயர் மாட்டும் வடிவு என்ற பெண்ணைக் கூப்பிட்டார். "எது ஜெயிக்கும்னு இப்பவே சொல்லு. தப்பாச் சொன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே."

"உங்க கண்ணுக்கு முன்னால நான் எம்மாத்திரம் முதலாளி? போட்டுக் காட்டுறேன், நீங்களே சொல்லுங்க."

இரண்டு பிளேயர்களையும் கடையில் இருந்த மறைப்புத் தட்டிக்குப் பின்னால் தூக்கிப்போனாள். வெளியே இரண்டு டிவியிலும் ஒரே படம் ஓடியது.

"இடதுபக்கம்தான்" என்றார் முதலாளி. "புருவ முடியை எண்ணிடலாம். வலதுபக்கம் கஞ்சித்தண்ணி."

"எங்க தட்டுன்னா சும்மாவா?" என்று இரண்டு ஏஜெண்டுகளும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

வடிவு தட்டியை நகர்த்தினாள். புதுப் பிளேயர்கள் பெட்டியிலேயே இருந்தன. கடையின் பழைய டிவிடி பிளேயர் ஒன்றிலிருந்துதான் இரண்டு டிவிக்கும் வயர் போயிருந்தது.

"இல்லாத வித்தியாசமே உங்களுக்கு இவ்வளவு தெளிவாத் தெரியுது முதலாளி. இனிமே வரப்போறதை என்கிட்ட ஏன் கேக்குறீங்க?"

அன்று ஏஜெண்டுகளுக்குக் காபி மட்டும் கிடைத்தது. வடிவு மறுநாளும் வேலைக்கு வந்தாள்.