பண்டிதர் பிடித்த இரண்டு நாடிகள்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கருங்குன்ற நாட்டை இளவெயினன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் கடைசியாகக் காதில் விழுந்த பேச்சுதான் அவனுக்கு வேதம். "யானைக்குக் காது பெரிது, அதன் எதிரே ரகசியம் பேசக் கூடாது" என்று எவனாவது காலையில் சொன்னால் போதும். மாலைக்குள் யானைக் கொட்டாரத்துப் பாகர்கள் எல்லாரும் கைச்சாடையில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அவன் சபையில் அரண்மனை வைத்தியர் ஏகாம்பரப் பண்டிதர். எதைச் சொல்வதற்கும் முன்னால் "ம்ஹ்க்கும்!" என்று ஒரு கனைப்பு. ராணியின் பிரசவம் மூன்று நாள் இழுத்தபோது பண்டிதர் கையை விரித்துவிட்டார். வெள்ளச்சி என்ற மருத்துவச்சி வந்து தாயையும் பிள்ளையையும் பிழைக்க வைத்தாள். அன்று பிடித்தது பண்டிதருக்கு நெஞ்செரிச்சல். அவர் மருந்துக்கே அது அடங்கவில்லை.

எரிச்சல் தாங்காமல் ராஜாவின் காதில் ஊதினார்: "ம்ஹ்க்கும்! மகாராஜா, ஆணின் மூளை கல். பொறித்தது அழியாது. பெண்ணின் மூளை ஈரக் களிமண். காலையில் எழுதியது மாலையில் கலைந்துவிடும். அவர்கள் சாட்சியை நம்பியா ராஜாங்கம் நடத்துவது?"

இளவெயினன் தலையாட்டினான். பெண்கள் சொல்லும் சாட்சி இனிச் செல்லாது என்று முரசு அறைந்தார்கள். அப்படியே மூன்று வருஷம் ஓடிவிட்டது.

ஒரு அமாவாசைப் பகலில் கோயில் கிரீடம் காணாமல் போனது. கிரீடப் பெட்டியைப் பழுது பார்த்திருந்த தச்சன் சடையனைப் பிடித்து வந்தார்கள். பொழுது சாய்வதற்குள் தலையை வெட்ட வேண்டும் என்று தீர்ப்பு.

வெள்ளச்சி சபைக்கு ஓடி வந்தாள். "மகாராஜா, அன்று பகல் முழுக்க இவன் வீட்டை விட்டு நகரவில்லை. இவன் பெண்டாட்டிக்குப் பிரசவம், நான்தான் பார்த்தேன். முற்றத்தில் உட்கார்ந்து வெந்நீர் காய்ச்சிக் கொடுத்தான். ஒன்பது பானை."

"ம்ஹ்க்கும்! ஒன்பதா, எட்டா? ஈரக் களிமண் அம்மா, ஈரக் களிமண்!" என்றார் பண்டிதர். சபை சிரித்தது.

"ஆண் யாராவது பார்த்தார்களா?" என்று ராஜா கேட்டான்.

"பிள்ளை பெறும் வீட்டுக்குள் எந்த ஆண்பிள்ளை வருவான், மகாராஜா? இருந்த அத்தனை பேரும் பெண்கள்."

சிரிப்பு நின்றது. சங்கிலியில் நின்ற சடையன் மெதுவாகக் கேட்டான்: "தாயே, குழந்தை பால் குடிக்கிறதா?"

"குடிக்கிறாள், அப்பா."

வெள்ளச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு பண்டிதரைப் பார்த்தாள். "ஐயா, மூளையை எப்படிப் பார்த்தீர்கள்?"

"நாடி சொல்லும்! மூளை ஈரமா, கல்லா என்று என் மூன்று விரலும் சொல்லிவிடும்."

"அப்படியானால் ஒரு சோதனை. சிங்காதனத்துக்கு முன்னால் திரை கட்டட்டும். பின்னால் மகாராஜாவும் நானும் இன்னும் பத்துப் பேரும் நிற்போம். திரையின் கிழிசல் வழியே கை வரும். முகம் தெரியாது. நாடியைப் பிடித்து ஆணா, பெண்ணா, மூளை கல்லா, களிமண்ணா என்று ஐயா சொல்லட்டும். ஐயா தோற்றால் என் சாட்சியைக் கேட்க வேண்டும். ஜெயித்தால் என் தலையையும் எடுத்துக்கொள்ளுங்கள்."

விளையாட்டு என்றால் ராஜாவுக்கு உயிர். உடனே திரை விழுந்தது.

வளையல், மோதிரம் எல்லாம் கழற்றி, முழங்கை வரை சந்தனம் பூசிய ஒரு வலது கை முதலில் வந்தது. பண்டிதர் விரல் வைத்துக் கண்ணை மூடினார்.

"ம்ஹ்க்கும்! ஆண்மகன். சாதாரண ஆள் இல்லை, களம் கண்டவன். ரத்தத்தைப் பார்த்தாலும் கலங்க மாட்டான். மூளை கருங்கல். இவன் சொல்லை அப்படியே செப்பேட்டில் வெட்டலாம்!"

அடுத்து ஒரு இடது கை வந்தது.

"ஐயோ பாவம், பெண்பிள்ளை. மூளை சொதசொதவென்று இருக்கிறது. யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவாள். இவளை நம்பி அடுப்பில் பாலைக்கூட வைக்கக் கூடாது!"

திரை சரிந்தது. வலது கை வெள்ளச்சியுடையது. இடது கை ராஜாவுடையது.

பண்டிதருக்குக் கனைப்புகூட வரவில்லை.

"ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது... அதுதானே வைத்திய முறை... கையை மாற்றி நீட்டி என்னை ஏமாற்றிவிட்டாள்!" என்று பண்டிதர் திணறினார்.

"ஏமாற்றினேன்தான், ஐயா. மகாராஜாவை இடது கையை நீட்டச் சொன்னதும் நான்தான். ஆனால் எந்தக் கை என்று பார்த்ததுமே உங்களுக்குத் தீர்ப்பு வந்துவிட்டது. விரல் எதைக் கேட்டது?" என்றாள் வெள்ளச்சி. பிறகு ராஜா பக்கம் திரும்பினாள். "ஆணும் பெண்ணும் ஒன்றேதான் என்று நான் சொல்லவில்லை, மகாராஜா. இரண்டாயிரம் தலைகளை முதன்முதலில் ஏந்தின கை இது. ஆண்பிள்ளைத் தலை பெரும்பாலும் நூலளவு பெரிதாக இருக்கும். ஆண்பிள்ளையை மிஞ்சின பெண் தலைகளும் நிறையப் பார்த்திருக்கிறேன். துணியில் சுற்றி வெறும் தலையை மட்டும் காட்டினால், எந்தப் பிள்ளை என்று எனக்கே தெரியாது. பின்னாளில் அது எதை நினைவில் வைக்கும், எதை மறக்கும் என்று எப்படிச் சொல்வேன்?"

ராஜா தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவாள்..." என்று முணுமுணுத்தான். "பண்டிதரே, அது ஒன்றை மட்டும் சரியாகச் சொல்லிவிட்டீர்."

சடையனின் சங்கிலி கழன்றது. வெள்ளச்சியின் சாட்சியைப் பண்டிதர் வாக்குப்படியே செப்பேட்டில் வெட்டினார்கள், ஒன்பது பானை உட்பட. அவள் போகும் பிரசவ வீடுகளில் ஒரு வருஷம் வெந்நீர் காய்ச்சும் வேலை பண்டிதருக்குக் கிடைத்தது.

"உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றான் ராஜா.

"அரண்மனை வாசலில் இருளாயி என்று ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், மகாராஜா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் மகன்மேல் கொலைப்பழி விழுந்தது. 'அன்று அவன் என்னோடு களையெடுத்தான்' என்று சொல்ல வந்தாள். ஈரக் களிமண் என்று திருப்பி அனுப்பிவிட்டீர்கள். மகன் தலை போய்விட்டது. அவள் சொல்ல வந்தது இன்னும் அவளிடமே இருக்கிறது."

இளவெயினன் கிரீடத்தைக் கழற்றிச் சிங்காதனத்தில் வைத்தான். வாசலுக்கு நடந்து போய் இருளாயி எதிரே தரையில் உட்கார்ந்தான்.

அவள் அந்த நாளைச் சொன்னாள். எந்த வயல், எத்தனை பாத்தி, மத்தியானம் மகன் எதைத் தொட்டுக்கொண்டு கஞ்சி குடித்தான், எந்த வரப்பில் முள் குத்திக்கொண்டான். ஒன்றுகூட அழிந்திருக்கவில்லை.