கட்டளையின் மறுபாதி

குருவுக்கு வயது முப்பத்திரண்டு; சீடருக்கு ஐம்பத்தொன்று. தூத்துக்குடியில், உப்பளத்தை ஒட்டிய பொட்டலில், பவுலின் நாய்களைப் பழக்கிவந்தார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கணக்குச் சொல்லிக்கொடுக்கும் சண்முகவடிவு, ஒரு திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத் தம் தந்தையின் நாயான நீலாவை இழுத்துக்கொண்டு அங்கே வந்தார். உண்மையில் நீலாதான் அவரை இழுத்துக்கொண்டு வந்தது.

"எத்தனை நாள்ல படியும்மா?"

"நாயா, நீங்களா?" என்றார் பவுலின்.

சண்முகவடிவு சிரிக்கவில்லை. சித்திரையில் அவருடைய தந்தைக்குப் பக்கவாதம் வந்து, இடப்பக்கம் செயலிழந்திருந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நான்கடி வைப்பார். வைத்ததும் நீலா மகிழ்ச்சி தாளாமல் அவர்மேல் பாயும். இன்னொரு முறை விழுந்தால் உடம்பு தாங்காது, நாயை அனுப்பிவிடுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நாய் அருகில் இல்லாவிட்டால் கிழவர் சோற்றைத் தொடுவதில்லை. ஆகவே சொன்ன இடத்தில் அசையாமல் இருக்க நீலா ஒரே வாரத்தில் பழகியாக வேண்டும்.

கைப்பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்துச் சண்முகவடிவு நீட்டினார். வாரம் முழுவதும் அதில் கட்டங்களுக்குள் அடங்கியிருந்தது. ஆறு மணிக்கு நாய். ஏழரைக்கு அப்பாவின் குளியல். பத்துக்கு மாமியாரின் ஓய்வூதியச் சான்று. பன்னிரண்டுக்கு நாத்தனார் மகளின் நிச்சயதார்த்தச் சேலை. நான்கு முதல் எட்டு வரை மூன்று கூட்டம் பிள்ளைகள்.

"இதை நீலாகிட்டே காட்டுனீங்களாக்கா?"

"விளையாடாதீங்க. ஆறே முக்காலுக்கு நான் கிளம்பணும்."

செவ்வாய்க்கிழமையும் நீலா படியவில்லை. உட்காரச் சொன்னால் உட்கார்ந்தது. சண்முகவடிவு ஐந்தடி நகர்ந்ததும் எழுந்து பின்னாலேயே ஓடிவந்தது.

அன்று மாலை வீட்டில், தந்தை கட்டிலில் இருந்தபடியே மகளின் முந்தானையைப் பிடித்தார்.

"வடிவு, ஒண்ணு சொல்லணும்."

"இருங்கப்பா, பிள்ளைங்க வந்தாச்சு. இந்தா வந்துர்றேன்."

எட்டு மணிக்குமேல் குக்கரை ஏற்றினார். பிறகு ஒரு மாணவியின் தாய் தொலைபேசியில் அரைமணி நேரம் பேசினாள். நினைவு வந்து எட்டிப்பார்த்தபோது தந்தை உறங்கியிருந்தார்.

புதன்கிழமை சண்முகவடிவு கேட்டார்: "நீங்க சொன்னா இருக்கு. நான் சொன்னா இருக்க மாட்டேங்குது. ஏன்?"

பவுலின் நீலாவின் வாரைக் கையில் வாங்கினார். "இரு" என்றார். நாற்பதடி நடந்து, உப்புக் குவியலருகே நின்றார். நீலாவின் உடல் நடுங்கியது, ஆனால் எழவில்லை. பவுலின் திரும்பி நடந்துவந்து, அதன் பக்கத்தில் சிறிது நேரம் நின்று, கழுத்தைத் தொட்டபிறகே "போ" என்றார்.

"என்ன பாத்தீங்க?"

"நீலா அசையாம இருந்தது."

"அதை எதுக்குப் பாக்கீங்க? என்னைப் பாருங்க."

மறுபடியும் அவ்வாறே செய்துகாட்டினார்.

"திரும்பி வந்தீங்க" என்றார் சண்முகவடிவு.

"இப்ப நீங்க."

சண்முகவடிவு "இரு" என்று சொல்லிப் பத்தடி நடந்தார். தொலைபேசி ஒலித்தது. சேலையின் நிறத்தை மாற்ற வேண்டுமாம். பேசிக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தவர், நின்ற இடத்திலிருந்தே கையசைத்தார்: "வா நீலா, போலாம்."

"மூணு நாளா இதேதான்" என்றார் பவுலின். "இருன்னு சொல்லிட்டுப் போறீங்க. தூரத்துல நின்னு கூப்பிட்டுக் கிளம்பிடுறீங்க. ஒரு தடவைகூடத் திரும்பி வரல. இருக்கச் சொன்னவங்கதான் வந்து எழுப்பணும். அது கட்டளையோட மறுபாதி. அது வராதுன்னு தெரிஞ்சபிறகு நாய் எதுக்கு இருக்கும்?"

"பத்தடிதானே?"

"பத்தடிதான்."

அதன்பிறகு சண்முகவடிவு ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தார். ஏழாம் முறை நீலா எழவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது, தந்தை ஏதோ சொல்ல வந்தது நினைவுக்கு வந்தது. ஆனால் மாமியாரின் சான்று வாங்க அன்றே கடைசி நாள். தாளைப் பிரித்தார். வியாழன் மூன்று மணிக் கட்டம் காலியாக இருந்தது. அதில் 'அப்பா' என்று எழுதினார்.

வியாழன் நண்பகலில் தந்தைக்கு மீண்டும் பக்கவாதம் வந்தது. இம்முறை பேச்சையும் கொண்டுபோய்விட்டது.

சனிக்கிழமை ஆறு மணிக்கு நீலாவுடன் சண்முகவடிவு பொட்டலில் நின்றார். சேலைத் தலைப்பில் மருத்துவமனை வாடை வீசியது.

"அப்பா எங்கேக்கா?"

"நேத்து ராத்திரி வீட்டுக்குக் கொண்டுவந்துட்டோம். இனிமே செய்ய ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க."

"கூட யாரு இருக்கா?"

"நர்ஸ் இருக்கு."

"நீங்க ஏன் இங்கே வந்தீங்க?"

"ஆறு மணிக்கு நாய்" என்றார் சண்முகவடிவு. சொன்னது தம் காதிலேயே விழுந்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

உப்பளத்தின்மேல் வெயில் ஏறத் தொடங்கியது. நீலா, யாரும் சொல்லாமலே உட்கார்ந்திருந்தது.

"செவ்வாக்கிழமை என்னமோ சொல்ல வந்தாரு. இருங்கப்பான்னு சொல்லிட்டுப் போயிட்டேன். அது என்னன்னு இனிமே எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"தெரிஞ்சுக்க முடியாதுக்கா. அது போயிட்டுது."

"பேச முடியாது, நான் பேசுனாலும் விளங்குதோ என்னமோ. பக்கத்துல போனா கண்ணை மட்டும் என் மேலயே வச்சிருக்காரு. என்னால அங்கே நிக்க முடியல பவுலின். கேக்கவும் ஒண்ணும் இல்ல, சொல்லவும் ஒண்ணும் இல்ல. நான் எதுக்குப் போகணும்?"

பவுலின் குனிந்து நீலாவின் கழுத்தில் வாரை மாட்டி, அதன் முனையைச் சண்முகவடிவின் கையில் வைத்து விரல்களை மூடினார்.

"நீலாவையும் கூட்டிட்டுப் போங்க. செவ்வாக்கிழமை நீங்க இருக்கச் சொன்னீங்க. அவரு இன்னும் காத்துக்கிட்டுத்தான் கெடக்காரு."