பத்தாயிரம் அடிக் காப்பு

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று என்னைக் கேட்காதீர்கள், ஒரு நாட்டில் புவனேந்திரன் என்ற அரசர் இருந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒன்று தோன்றினால் மாலைக்குள் அது சட்டமாகிவிடும். மறுநாள் அந்தச் சட்டத்தோடு மல்லுக்கு நிற்பது ஊர்க்காரர்கள் வேலை.

அரசருக்கு உடம்பு கொஞ்சம் பெருத்துவிட்டது. "தினம் பத்தாயிரம் அடி நடங்கள்" என்றார் அரண்மனை வைத்தியர். பத்தாயிரம் வரை யார் எண்ணுவது? அரசர் எண்ணிப் பார்த்தார். இருநூறைத் தாண்டும்போது யாராவது வந்து கும்பிடுவார்கள், எண் மறந்துபோகும்.

அந்த நேரம் பார்த்துக் கடல் கடந்து ஒரு வணிகன் வந்தான். அவனிடம் மணிக்கட்டில் மாட்டுகிற ஒருவகைக் காப்பு மூட்டை நிறைய இருந்தது. உள்ளே குட்டிப் பல்சக்கரம். மேலே கடுகளவு சன்னல். நடந்தால் சன்னலில் எண் ஏறும். "எத்தனை அடி நடந்தீர்களோ அத்தனையும் இதில் தெரியும்" என்றான். அரசர் அரண்மனையில் இருந்த அத்தனை பேருக்கும் வாங்கினார். வணிகன் அன்றே கப்பல் ஏறிவிட்டான். விவரமானவன்.

உடனே சட்டம் வந்தது. அரண்மனைச் சோறு தின்னும் ஒவ்வொருவரும், அரசர் உட்பட, காப்புக் கட்ட வேண்டும். பத்து நாள் பழகிக்கொள்ளலாம். பதினோராம் நாள் சூரியன் மறையும்போது யார் காப்பில் பத்தாயிரம் இல்லையோ, அவருக்கு அரண்மனையில் வேலையும் இல்லை, வீடும் இல்லை.

பழக்க நாட்களில்தான் குழப்பம் ஆரம்பித்தது. நாள் முழுக்க உட்கார்ந்து தேங்காய் துருவும் சமையற்காரர் காப்பில் முப்பதாயிரம். கட்டிலில் சாய்ந்தபடி ஈ ஓட்டிக்கொண்டிருந்த அரசர் காப்பில் இருபதாயிரம். "பார்த்தீர்களா, எனக்கே தெரியாமல் நடந்திருக்கிறேன்!" என்று அவர் பூரித்துப்போனார். அரசருக்குப் பல்லக்குத் தூக்கும் நால்வரில் ஒருவனான சடையன் காப்பில் முப்பத்தெட்டு. ஆயிரம் எல்லாம் இல்லை, வெறும் முப்பத்தெட்டு. மற்ற மூவருக்கும் ஏறக்குறைய அதுதான்.

சடையன் காப்பை இறுக்கிக் கட்டினான். தளர்த்திக் கட்டினான். வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினான். எண்ணெய் விட்டான். கோயிலில் வைத்துத் திருநீறு பூசிக் கொண்டுவந்தான். அன்றைக்கு முப்பத்தொன்றாகக் குறைந்தது.

பத்தாம் நாள் அவன் விகடகவி பிச்சாண்டியின் வீட்டு வாசலில் வந்து நின்றான். அரசரைச் சிரிக்கவைப்பதுதான் பிச்சாண்டிக்கு வேலை.

"சாமி, காலு தேயுது, இந்தச் சனியன் நகர மாட்டேங்குது. நாளைக்குப் பொழுது சாஞ்சா எங்களுக்கு வீடு இல்லீங்க. பொஞ்சாதி நெறமாசமா இருக்கா. அவளை எங்க கூட்டிக்கிட்டுப் போவேன்?"

பிச்சாண்டிக்கு மனம் கலங்கிவிட்டது. அவன் காப்பைக் காதில் வைத்துக் கேட்டான், தட்டினான், வெயிலில் பிடித்துப் பார்த்தான். ஒன்றும் புரியவில்லை. "எனக்கும் விளங்கவில்லை சடையா. ஆனால் நீ நடக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். வா, சபைக்குப் போவோம்" என்றான்.

சபையில் அமைச்சர் தாண்டவராயர் இருந்தார். அவர் நகைச்சுவை சொன்னால் அரசர் கொட்டாவி விடுவார். பிச்சாண்டி தும்மினாலே சிரிப்பார். அந்த வயிற்றெரிச்சல் அமைச்சருக்கு இருபது வருடமாக உண்டு.

"அரசே, சடையனின் காப்பில் ஏதோ கோளாறு" என்று பிச்சாண்டி ஆரம்பித்ததுமே தாண்டவராயர் எழுந்துவிட்டார்.

"கோளாறா? மகாராஜா, தாங்கள் தேர்ந்தெடுத்த காப்பைப் பொய் என்று சொல்வது தங்களையே பொய் என்று சொல்வது. நாளை ஒரு நாள் காப்பு என்ன காட்டுகிறதோ அதுவே நடந்ததாகக் கொள்ள வேண்டும் என்று ஆணையிடுங்கள். அதை நிறைவேற்றும் பொறுப்பைப் பிச்சாண்டியிடமே கொடுங்கள். சடையனை அவரே தம் கையால் வெளியேற்றட்டும். காப்பைப் பொய் என்று யார் சொன்னாலும், அவரும் கூடவே வெளியேறட்டும்."

அரசருக்கு இது பிடித்துவிட்டது. "அப்படியே ஆகட்டும். நாளைக் காலை மாந்தோப்பு மாளிகைக்குப் போகிறோம். காப்பின் சொல் பிசகாமல் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு, பிச்சாண்டி!"

"உத்தரவு அரசே. ஒரு சொல்லும் பிசகாது" என்றான் பிச்சாண்டி. சடையன் அவனை வெறித்துப் பார்த்தான்.

மறுநாள் காலை எல்லார் காப்பையும் சுழியத்துக்குத் திருப்பிவிட்டுக் கிளம்பினார்கள். முன்னால் பல்லக்கு. பின்னால் மாட்டுவண்டியில் தாண்டவராயரும் அவருடைய பாட்டுக்காரரும். அமைச்சருக்குச் சங்கீதம் உயிர். வழி நெடுக இரண்டு கையாலும் தொடையில் தாளம் போட்டபடியே வந்தார். மாந்தோப்பு பத்தாயிரம் அடி தூரம். போய்ச் சேர்ந்தபோது அரசருக்கு அகோரப் பசி. சமையற்காரர்கள் முன்பே வந்து இலை போட்டிருந்தார்கள். நெய்ப்பொங்கல் மணம் பல்லக்குக்குள் வந்தது.

"இறக்குங்கள்!" என்றார் அரசர்.

"சற்றுப் பொறுங்கள் அரசே" என்று பிச்சாண்டி ஓடிவந்து சடையனின் காப்பைப் பார்த்தான். "நாற்பத்து மூன்று. பல்லக்கு அரண்மனை வாசலிலிருந்து நாற்பத்து மூன்று அடிதான் வந்திருக்கிறது. நாம் இப்போது யானைக் கொட்டிலுக்கு எதிரே இருக்கிறோம். இலை போட்டிருப்பது மாந்தோப்பில். அங்கே போனதும் சாப்பிடலாம்."

அரசர் திரையை விலக்கிப் பார்த்தார். "மாமரம் தெரிகிறதே!"

"தங்களுக்குத் தெரியலாம். காப்புக்குத் தெரியவில்லையே."

அரசர் யோசித்தார். சட்டென்று தம் கையை நீட்டினார். பல்லக்கு குலுங்கியதில் அதில் பத்தாயிரத்து இருநூறு ஏறியிருந்தது. "இதோ! நான் மாந்தோப்புக்கு வந்துவிட்டேன்!"

"மிகவும் சரி. தாங்கள் மாந்தோப்பில் இருக்கிறீர்கள். பல்லக்கு யானைக் கொட்டிலில் இருக்கிறது. அப்படியானால் பல்லக்குக்குள் அமர்ந்திருக்கும் இவர் யார், அரசே?"

அரசர் தம் மார்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். காவலர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சமையற்காரர் பொங்கல் கரண்டியோடு பாதி வழியில் நின்றுவிட்டார். யாருக்குப் பரிமாறுவது என்று அவருக்கு விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால் இந்த இடத்தில் கதை சொல்கிற எனக்கும் தலை சுற்றுகிறது.

தாண்டவராயர் பசி பொறுக்காமல் வண்டியிலிருந்து இறங்கி வந்தார். "என்ன விளையாட்டு இது? எனக்காவது இலை போடுங்கள்!"

பிச்சாண்டி பணிவாக அவர் கையைப் பிடித்துக் காப்பைப் பார்த்தான். அவன் முகம் வெளிறியது. "இருபத்தோராயிரம்! அமைச்சர் நம் எல்லை ஆற்றையே தாண்டிவிட்டார்! காவலர்களே, அனுமதி ஓலை இல்லாமல் அயல்நாட்டுக்குள் நுழைந்த அமைச்சரைத் திரும்ப உள்ளே விடலாமா?"

காவலர்கள் ஈட்டியை எந்தப் பக்கம் நீட்டுவது என்று தெரியாமல் குறுக்கே நீட்டினார்கள்.

"அட முட்டாள்களா, நான் ஓர் அடிகூட நடக்கவில்லை! வண்டியில் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டு வந்தேன்! இந்தப் பாழாய்ப்போன காப்பு என் கை ஆடுவதை எல்லாம் நடை என்று பொய் சொல்கிறது!"

சொன்ன பிறகுதான் தாண்டவராயருக்குத் தாம் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

"காப்பைப் பொய் என்று அமைச்சரே சொல்லிவிட்டார், அரசே. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை" என்றான் பிச்சாண்டி.

அரசர் பல்லக்கைக் கீழே வைக்கச் சொல்லி இறங்கினார். "கையா? கை ஆடினால்தான் ஏறுமா? சடையா, நீ நடக்கும்போது உன் கை ஏன் ஆடுவதில்லை?"

சடையன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "ஒரு கை பல்லக்குக் கொம்புலேங்க. இன்னொரு கையை நெஞ்சோட கட்டிக்கிட்டுத்தான் நடப்போம். மகாராசா முன்னாடி கைய வீசி நடந்தா மரியாதக் கொறச்சல் இல்லீங்களா?"

அரசர் சுற்றிலும் பார்த்தார். வேலையாட்கள், காவலர்கள், சமையற்காரர்கள், அவர் பார்வை பட்ட அத்தனை பேரும் கை கட்டித்தான் நின்றார்கள். இத்தனை வருடத்தில் ஒருவன் கை வீசி நடந்து அவர் பார்த்ததே இல்லை. அவருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"பிச்சாண்டி, அப்படியானால் இதை எங்கே கட்ட வேண்டும்?"

"நடப்பது எதுவோ அதில், அரசே."

பத்து நாளாக ஒருவருக்கும் தோன்றவில்லை! எல்லோரும் காப்பைக் கழற்றிச் சுழியத்துக்குத் திருப்பிக் கணுக்காலில் கட்டிக்கொண்டார்கள். பிறகு சாப்பிட்டார்கள். அரசர் ஒரு தூக்கமும் போட்டார்.

திரும்பும் வழியில் பாதித் தொலைவில், ஒரு குளக்கரையில் பல்லக்கை இறக்கிப் பார்த்தார்கள். சடையன் காலில் ஐயாயிரத்து நாற்பது. அவன் அந்த எண்ணை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டான். அரண்மனை வாசலைத் தொடும்போது பத்தாயிரம் ஆகிவிடும், வீடு தப்பிக்கும். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என் காலையும் பார்" என்று அரசர் மகிழ்ச்சியாகக் காலை நீட்டினார்.

"பதினொன்று, அரசே."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே மேற்கே பார்த்தார். சிரிப்பு நின்றது. சட்டத்தில் "அரசர் உட்பட" என்று எழுதச் சொன்னது அவரேதான்.

மிச்ச வழியை அரசர் நடந்தார். இல்லை, பாதி ஓடினார். மூச்சிரைக்க அவர் முன்னால் போக, வெறும் பல்லக்கைத் தூக்கிக்கொண்டு நால்வரும் பின்னால் வந்தார்கள். வாசலை அடைந்தபோது சூரியனின் கீழ் விளிம்பு மலையைத் தொட்டுவிட்டது. சடையனுக்குப் பத்தாயிரத்து முப்பது. அரசருக்கு ஐயாயிரத்துச் சொச்சம். வாயில்காவலன் அரசரை உள்ளே விடுவதா வேண்டாமா என்று தெரியாமல் கதவைப் பாதி மூடியபடி விழித்தான்.

அரசர் படியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டார். "பிச்சாண்டி, இன்று சட்டத்தை நடத்துகிறவன் நீ. நான் எங்கே போவேன்?"

"சடையனும் நேற்று இதையேதான் கேட்டான், அரசே. சூரியன் இன்னும் முக்கால்வாசி இருக்கிறது. சட்டத்தைப் போட்டவர் மனம் வைத்தால் எடுத்துவிடலாம்."

"எடுத்தேன்! இந்த நொடியோடு எடுத்தேன்! எண் குறைந்தது என்றோ, காப்பைப் பொய் என்று சொன்னார் என்றோ இனி யாரும் வேலையோ வீடோ இழக்க வேண்டாம்!" என்று அரசர் கத்தினார். காவலன் கதவைத் திறந்தான். அரசர் தம் முத்துமாலையைக் கழற்றிப் பிச்சாண்டி கழுத்தில் போட்டார். பிறகு சடையனைப் பக்கத்தில் அழைத்தார்.

"இவ்வளவு தூரமா என்னைத் தினமும் சுமக்கிறாய்? மறைக்காமல் சொல். நான் ரொம்பக் கனமா?"

சடையன் தலையைச் சொறிந்தான். பொய் சொல்லவும் பயம், மெய் சொல்லவும் பயம்.

"கனமெல்லாம் இல்லீங்க மகாராசா. ஆனா இன்னிக்கு நீங்க எறங்கி நடந்தீங்களே, அந்தப் பாதி வழி மாதிரி ஒரு சொகத்த என் ஆயுசுல கண்டதில்லீங்க."

அரசர் சிரித்த சிரிப்பில் கொட்டிலில் இருந்த யானைகள் திரும்பிப் பார்த்தனவாம். மறுநாள் முதல் அவர் மாந்தோப்புக்கு நடந்துதான் போனார். பல்லக்கும் கூடவே போகும், காலியாக.