கன்னத்துல வச்சுப் பாத்த அகல்

கண்ணை மூடு வேணி. காலை ஆட்டாதே, கட்டில் கிறீச் கிறீச்சுங்குது. அத்தை ஒரு தடவைதான் சொல்லுவேன். நடுவுல தண்ணி கேட்டா கதை அங்கேயே படுத்துக்கும். "ம்" கொட்டிக்கிட்டே வரணும், சரியா?

ம்.

ஒரு ஊர்ல ஒரு சூளை இருந்துச்சாம். செங்கரைன்னு ஊரு. பானை செய்ற வீடு அங்க நிறைய, ஆனா சூளை ஒண்ணே ஒண்ணுதான். எல்லா வீட்டுப் பானையும் அதுக்குள்ளதான் வேகணும். அதனால அவங்க எல்லாம் ஒரே கூட்டம். கூட்டத்துக்குப் பெரியவர் ஆதிமூல வேளார். ஏன் எல்லாரும் சேந்து சுடுறாங்க? வைக்கோல், வரட்டி, விறகுன்னு ஒத்த வீட்டால முடியுமா?

அப்போ, அந்தக் கூட்டத்துல ஒரு முறை உண்டு. பச்சைப் பானைய சூளையில ஏத்துறதுக்கு முன்னாடி இன்னொரு வீட்டுக்காரங்க அதை எடுத்து, இதோ இப்படி, கன்னத்துல வச்சுப் பாக்கணும். ஜில்லுனு இருந்தா ஈரம். இல்லேன்னா காஞ்சிருச்சு. ஈரப் பானை உள்ள போனா என்ன ஆகும் தெரியுமா? தண்ணி கொதிச்சு, வெளிய வர வழியில்லாம, டமார்! தானும் உடைஞ்சு, பக்கத்துல இருக்கிற எல்லாத்தையும் உடைச்சுப்புடும்.

அப்படி வெடிச்சா தண்டனை யாருக்குங்கிறே? செஞ்சவளுக்கு இல்லை. "காஞ்சிருச்சு"ன்னு சொன்னவளுக்கு! ஒரு வருஷம் அவ பானை சூளைப் பக்கமே வரக் கூடாது. ஏன்னா செஞ்சவளுக்கு ஆசை கண்ணை மறைக்கும். பாக்குறவளுக்கு மறைக்கலாமா?

ம்.

அந்த ஊர்ல வெள்ளத்தாயி, வெள்ளத்தாயின்னு ஒருத்தி. சரியான அவசரக் குடுக்கை, உன்னை மாதிரி. அடுத்த வீட்டுல சீனியம்மா. புருஷன் இல்லை, ரெண்டு சின்னப் பிள்ளைங்க, பானைச் சக்கரம் சுத்தினாத்தான் சோறு. ஆனா மனசு இருக்கே, வெல்லம்.

ஒரு கார்த்திகை மாசம், மழை சோன்னு கொட்டுது. வெள்ளத்தாயி கல்யாண வீட்டுக்கு ஒரு பெரிய பானை ஒத்துக்கிட்டா. நல்ல தடிமன். காயவே இல்லை. "சீனியக்கா, காஞ்சிருச்சுன்னு சொல்லுக்கா, வாக்குக் குடுத்துட்டேன்க்கா"ன்னு கண்ணைக் கசக்குனா. சீனி கன்னத்துல வச்சா. ஜில்லுனு இருந்துச்சு. இருந்தும் அவ மூஞ்சியப் பாத்துட்டு "காஞ்சிருச்சு"ன்னுட்டா.

அப்புறம் என்ன? டமார்! டமார் டமார்! ஊரே ஓடி வந்துச்சு. திறந்து பாத்தா பாதி சூளை உடைஞ்ச ஓடு.

சீனி தண்டனைய ஏத்துக்கிட்டா. தப்பு தன்னுதுதானே. மறுநாள்லேருந்து அடுத்தவங்க வீட்டுல கூலிக்கு மண்ணு மிதிக்கப் போனா. சதக், சதக், சதக். வெள்ளத்தாயிக்கு அந்தச் சத்தம் கேக்கும்போதெல்லாம் சோறு இறங்கலை.

தை வந்துச்சு. பொங்கப் பானைக்குச் சூளை மூட்டுறாங்க. வெள்ளத்தாயி என்ன பண்ணுனா, சீனி செஞ்ச பானைய தன் பானைக்கு நடுவுல ஒளிச்சு வச்சா. பெரிய வேளார் விட்டுருவாரா? பானை விளிம்புல ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நகக் குறி இருக்கே! "இது சீனி நகம்"னு தனியா எடுத்து வச்சுட்டார்.

அப்புறம் சித்திரை. தண்ணிப் பானைக் காலம். வெள்ளத்தாயி கொல்லையில குட்டிச் சூளை ஒண்ணு கட்டுனா, சீனிக்காக. காத்து புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிச்சு நெருப்பே நிக்கலை. பானை அரைவேக்காடு. தண்ணி ஊத்துனா, பொத்துனு அடி கழண்டு விழுந்துச்சு.

அப்புறம் ஆடி. நேரா பெரிய வேளார்கிட்டயே போயி, "மாமா, தண்டனைய எனக்கு மாத்துங்க"ன்னு அழுதா. அவர், "மாத்த முடியாது தாயி. கன்னம் அவளுது"ன்னுட்டார். அவருக்கும் கண்ணு கலங்குச்சுதான். கல்லு மனுசன் இல்லை பாரு.

தூங்கிட்டியா?

ம்ஹும்.

மறுபடியும் கார்த்திகை வந்துச்சு. சீனிக்கு வருஷம் முடிஞ்சுது. ஆனா ஒண்ணு, திரும்பி வர்றவங்க அந்த முதச் சூளையிலேயே ஏறிடணும். மூட்டும்போது அவங்க பானை உள்ள இல்லேன்னா, அந்த வீட்டுக்கு இடமே போச்சு, என்னைக்கும் கிடையாது. கார்த்திகை விளக்குக்கு முந்தின நாள். சீனி ஒரு கூடை அகல் செஞ்சு தூக்கிட்டு வந்தா. கெட்டி அகல். "யார் பாக்குறீங்க?"ன்னா கூடையத் தொட ஆளில்லை. மழைக்காலம், வெடிச்சா யார் மாட்டுறது?

வெள்ளத்தாயி முன்னால வந்தா. ஒரு அகல எடுத்தா. கன்னத்துல வச்சா.

ஜில்லுனு இருந்துச்சு வேணி.

அவ யோசிக்கிறா. "காஞ்சிருச்சு"ன்னா சீனி உள்ள போயிருவா. ஆனா வெடிச்சா? போன வருஷம் மாதிரியே எல்லார் பாடும் மண்ணு. "ஈரம்"னா சீனிக்கு இடம் போயிரும். அவ சீனி மூஞ்சியப் பாத்தா. சீனி தலையை மெல்ல ஆட்டுனா, பொய் சொல்லாதடீங்கிற மாதிரி.

"ஈரம்"னா வெள்ளத்தாயி. சொல்லிட்டு ஓன்னு அழுதுட்டா.

அழுதுக்கிட்டே சூளைக்குள்ள இறங்கி, அடுக்கி வச்ச தன் பானைய ஒண்ணொண்ணா வெளிய எடுக்க ஆரம்பிச்சா. "இவளுது காயுற வரைக்கும் என்னுதும் உள்ள இருக்காது!"ன்னா. ணங், ணங்னு வெளிய வைக்கிறா. எல்லாரும் பாத்தாங்க. பக்கத்து வீட்டுக்காரன் "அட, என்னுதையும் எடு"ன்னான். அவன் பொண்டாட்டி இறங்குனா. அப்புறம் இன்னொருத்தி. கொஞ்ச நேரத்துல சூளை காலி!

பெரிய வேளார் காலிச் சூளைய எட்டிப் பாத்தார். "மூட்டினாத்தானே அவ இடம் போகும்? மூட்டவே இல்லையே"ன்னு சொல்லிட்டு, கூடையிலேருந்து முத அகல அவரே எடுத்து மடியில கட்டிக்கிட்டார்.

அப்புறம் ஆளுக்குக் கொஞ்சம் அகல் எடுத்துட்டுப் போயி, அவங்கவங்க அடுப்படியில வச்சுக் காயவச்சாங்க. எல்லா வீட்டு அடுப்பும் அணையவே இல்லை. விடிஞ்சதும் வெள்ளத்தாயி திரும்பவும் ஒவ்வொண்ணா கன்னத்துல வச்சுப் பாத்தா. கன்னமெல்லாம் செம்மண்ணு. "காஞ்சிருச்சு!"ன்னா. சூளை பக்குனு பிடிச்சுது. எல்லாரும் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. ஒரு டமார் இல்லை. ஒரு டுப்பு கூட இல்லை.

சாயங்காலம் இருட்டுறதுக்கும் சூளை பிரிக்கிறதுக்கும் சரியா இருந்துச்சு. ஆற நேரமில்லை. துணியில பிடிச்சு வீடு வீடா ஓடிக் குடுத்தாங்க. எண்ணெய் ஊத்துனா சுர்ர்ருங்குதாம். அந்த வருஷம் செங்கரையில அகல் எல்லாம், ஏத்துறதுக்கு முன்னாடியே சூடா இருந்துச்சாம்.

சீனி வாசல்ல முத விளக்கை யார் ஏத்துனா தெரியுமா? வேணி?

எங்கே, உன் கன்னத்தைக் காட்டு. ம், கதகதன்னு இருக்கு. காஞ்சிருச்சு.

சூளை அணைஞ்சுது, கதை வெந்துது, நீ தூங்கு.