‘ம்’ கொட்டின இசக்கி

ஒரு ஊர்ல ஒரு பெரிய பள்ளிக்கூடம். அதுல ஒன்பதாங்கிளாஸ் படிக்கிற பொண்ணு ஒருத்தி, பேரு இசக்கி. இந்தா பாரு, நான் சொல்லச் சொல்ல நீ ‘ம்’ கொட்டணும். கொட்டலைன்னா கதை அங்கேயே நின்னுரும். சரியா?

ம்.

அந்த இசக்கியும் உன்னை மாதிரிதான், ‘ம்’ கொட்டுறதுல கெட்டிக்காரி. அவ அம்மா அடுப்படியில பேச ஆரம்பிச்சா, குக்கர் நாலு விசில் அடிச்சாலும் பேச்சு நிக்காது. நடுவுல ‘ம்’ வரலைன்னா, “ஏட்டி, காதுல விழுதா இல்லையா?”ன்னு கரண்டியோட வந்துருவாங்க. அதனால இசக்கி குனிஞ்ச தலை நிமிராம கைவேலையைப் பாத்துக்கிட்டே ‘ம்... ம்...’னு சொல்லிக்கிட்டு இருப்பா. காது ஒண்ணையும் கேக்காது. வாய் மட்டும் அது பாட்டுக்கு ‘ம்’ங்கும்.

அப்படி என்ன கைவேலைங்கிறியா? அவங்க வீட்டு மாடித் தொட்டி தினமும் நிரம்பி, தொபதொபன்னு வழியும். மோட்டாரை நிறுத்த ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது. அதுக்குத்தான் இவ ஒரு பெட்டி செஞ்சா. உள்ள ஒரு பேட்டரி, உடைஞ்ச பொம்மையில பிடுங்கின பீப்பி, ரெண்டு கம்பி. தண்ணி ஏற ஏற ஒரு தெர்மாகோல் துண்டு மிதந்து மேல வரும். வந்து ரெண்டு கம்பியையும் ஒட்ட வைக்கும். உடனே ‘கீ...ங்ங்’னு கத்தணும். ஒரு மாசம் அது வாயே திறக்கல. அப்புறம் ஒருநாள் கத்திச்சு பாரு, அம்மாவே பேச்சை நிறுத்திட்டாங்க!

ம்.

சயின்ஸ் டீச்சர் பாத்துட்டு, “இசக்கி, நம்ம பள்ளிக்கூடக் கண்காட்சியில இது தேறிச்சுன்னா ஜில்லாப் போட்டிக்கே போகலாம்”னாங்க. அன்னையிலேருந்து இசக்கிக்கு வேற நெனப்பே இல்ல. சோத்தைப் பிசைஞ்சா ஜில்லா, பல்லைத் தேச்சா ஜில்லா.

ஆனா அந்தப் பருவம் மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டி, எட்டு நாள் லீவு விட்டுட்டாங்க. அப்புறம் பள்ளிக்கூடம் திறந்தா மரம் நடணும், ஊர்வலம் போகணும், பரீட்சை எழுதணும். நோட்டீஸ் ஒட்டுற பலகையில நோட்டீஸ் மேல நோட்டீஸ். ஹெட்மாஸ்டர் காலண்டரைப் புரட்டிப் புரட்டிப் பாத்தார். வேற நாளே இல்ல. விளையாட்டு, நாடகம், கண்காட்சி எல்லாத்தையும் ஒரே வெள்ளிக்கிழமையில போட்டு அமுக்கிட்டார்.

அப்போ ஒருநாள் இசக்கி கம்பிக்கு டேப் சுத்திக்கிட்டிருந்தா. பி.டி. சார் வந்தார். “ஏட்டி, ரிலேக்கு ஒரு ஆள் குறையுது. ஓடுறியா?”

“ம்.”

அப்புறம் தமிழம்மா வந்தாங்க. “கொசு ஒழிப்பு நாடகம் போடுறோம். எல்லாரும் டாக்டராத்தான் நடிப்பேங்கிறாளுக. கொசுவா நீ வர்றியா?”

“ம்.”

வியாழக்கிழமை சாயங்காலம் அவ சிநேகிதி ரஹ்மத் ஓடி வந்தா. “என்னட்டி, மூணுலயும் உன் பேரு இருக்கு? ஒம்பதரைக்குக் கொசு. பத்து மணிக்கு ஓட்டம். பத்தரைக்குப் பெட்டி!”

“நான் எங்கட்டி பேரு குடுத்தேன்?”

“நீதான் ‘ம்’னியாம்!”

இப்போ போயி மாட்டேன்னு சொல்லலாம்ல? சொல்லலாம். ஆனா இவ வாய்க்கு ‘ம்’ங்கிறதை விட்டா வேற சொல்லிப் பழக்கமே இல்ல. கண்காட்சியைப் பாக்க வர்ற நடுவர் வரும்போது இவ பெட்டிகிட்ட இல்லைன்னா, ஜில்லா போச்சு.

ம்...?

பயப்படாத, கேளு.

வெள்ளிக்கிழமை வந்துச்சு. கறுப்பு கவர்ல ரெக்கை, பப்பாளித் தண்டுல மூக்கு. ‘ஙொய்ங்ங்’னு மேடையில பறந்தா இசக்கி. மேடையோரம் உக்காந்திருந்த ஹெட்மாஸ்டர் கன்னத்துல மூக்கால ஒரு குத்து! ஜனம் சிரிச்ச சிரிப்புல நாடகம் கால்மணி நேரம் நீண்டு போச்சு.

அப்புறம் வேஷம் கலைக்க நேரமே இல்ல. கொசுவாவே மைதானத்துக்கு ஓடினா. தடதடதட! “ஏ, கொசு ஓடுது டோய், மருந்தடிங்க!”ன்னு பயலுக கத்துறானுக. முன்னால வந்தவ கையில வச்சிருந்த ரிலே குச்சியைக் குடுத்தா. இசக்கி வாங்கிக்கிட்டு ஓடினா. மூக்கு ஆடி ஆடிக் கண்ணை மறைக்குது. படக்குன்னு பிடுங்கி இன்னொரு கையில வச்சுக்கிட்டா. அடுத்தவ கையை நீட்டினா. இவ குடுத்துட்டு, நிக்காம அப்படியே கண்காட்சிப் பக்கம் பறந்துட்டா.

அடுத்தவ முதல்ல போய்ச் சேந்தா. ஆனா கையில என்ன இருந்துச்சு சொல்லு? பப்பாளித் தண்டு! “குச்சியைக் குடுடின்னா மூக்கைக் குடுத்துட்டுப் போயிருக்காளே!”ன்னு பி.டி. சார் தலையில கை வச்சு உக்காந்துட்டார். முதல் பரிசு போச்சு.

இங்க இசக்கி மூச்சு வாங்க வந்து நின்னா. கரெக்டா நடுவர் வந்துட்டார். ரெக்கையை ஒருதரம் பாத்தார், பெட்டியை ஒருதரம் பாத்தார்.

“தொட்டி நிரம்பினா இது கத்துமா?”

“ம்.”

“பேட்டரியில ஓடுதா?”

“ம்.”

“உங்க அப்பா செஞ்சு குடுத்தாரா?”

“ம்...”

ஐயையோ! சயின்ஸ் டீச்சர் முகம் சுண்டிப்போச்சு. நடுவர் பேனாவைத் திறந்து இவ பேரை அடிக்கப் போறார். அப்போதான் இசக்கியோட காது முழிச்சுது. ‘அடியே, என்னடி சொல்லிக்கிட்டிருக்க?’ன்னு வாயை ஒரு போடு போட்டுது. வாய்ல பாதி ‘ம்’ இன்னும் முடியல. அதைப் பிடிச்சு இழுத்தா இசக்கி.

“ம்...ம்...ம்ஹூம்! நானே செஞ்சேன்!”

சொல்லிட்டு, தொட்டிக்குப் பதிலா வச்சிருந்த டப்பாவுல ஒரு சொம்புத் தண்ணியைக் கடகடன்னு ஊத்தினா. துண்டு மிதந்துச்சு. கம்பி ஒட்டுச்சு. ‘கீ...ங்ங்ங்!’ நடுவர் கையிலிருந்த பேனா எகிறிக் கீழ விழுந்துச்சு. எடுத்துச் சிரிச்சுக்கிட்டே எழுதினார்: ஜில்லாவுக்கு இசக்கி.

அப்புறம் ரிலே குச்சியைத் திருப்பிக் குடுக்கப் போனா. ஓட்டக்காரப் பிள்ளைக மூணு பேருகிட்டயும் மன்னிப்புக் கேட்டா. பி.டி. சார், “அடுத்த வருஷமும் ஓடுறியா?”ன்னார்.

“ம்ஹூம்.”

தமிழம்மா, “அப்போ கொசு?”ன்னாங்க.

இந்தத் தடவை இசக்கி காதால நல்லாக் கேட்டா. ஹெட்மாஸ்டர் கன்னத்தை நெனச்சா. “ம்!”னா.

என்ன, தூக்கம் வந்துருச்சா?

ம்ஹூம்.

அடி போக்கிரி, அதுக்குள்ள கத்துக்கிட்டியா! கொசு பறந்துச்சு, பெட்டி கத்திச்சு, கதை கால் நீட்டிப் படுத்துச்சு. நீயும் படு.

ம்...