தளவாய் போட்ட கோடு

சில சட்டங்கள் நியாயத்திலிருந்து பிறக்கும். பூவாற்று நாட்டில் ஒரு சட்டம் குழம்பிலிருந்து பிறந்தது.

அந்நாட்டுத் தளவாய் வல்லபராயருக்கு மீசை பெரிது, தலைப்பாகை அதைவிடப் பெரிது. இரண்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் கொஞ்சம்தான். தாய் தகப்பனை இழந்த அவருடைய அண்ணன் மகள் அலர்மேலு, விவரம் தெரிந்த நாள் முதல் சித்தப்பா வீட்டு அடுப்படியில்தான் கிடந்தாள். அவள் சமையலைத் தின்று கொழுத்த வாய்தான் அவளைத் திட்டவும் செய்தது. பொறுத்துப் பார்த்தவள், ஒரு நாள் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு மேலச் சத்திரத்துக்குச் சமையல் வேலைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் தளவாயின் இலையில் விழுந்தது ஒரு காவல்காரன் வைத்த குழம்பு. அன்று மாலையே அவருக்கு நாட்டின் இளம்பிள்ளைகள் மேல் பெருங்கவலை வந்துவிட்டது. கனகசேகர மகாராஜாவோ கடைசியாகப் பேசியவர் பேச்சைக் கேட்கிறவர். உடனே பறையடித்துச் சொல்லிவிட்டார்கள்: இருபத்தொரு வயது நிறையாதவர் யாரும் பெரியவர்கள் வீட்டை விட்டுப் போகக்கூடாது. போனால், பிடித்து வந்து ஒப்படைக்கப்படுவார்கள்.

முதலில் பிடிபட்டது அலர்மேலு. உன் வயதென்ன என்று ராஜா கேட்டார்.

"தெரியாது மகாராஜா. எண்ணி வைக்க எனக்கு யார் இருந்தார்கள்? அந்த வீட்டுக்கு மட்டும் என்னை அனுப்பாதீர்கள்."

அவள் குழந்தை, உலகம் அறியாதவள் என்று தளவாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார் என்பது சபைக்கே தெரிந்தது. ஆனால் வாய் திறந்தவர் விகடர் மருதப்பர் ஒருவர்தான்.

"படைக்கு வருகிற பையன்களும் வீட்டை விட்டுத்தானே வருகிறார்கள்? அவர்கள் வயதை எப்படிப் பார்க்கிறீர்கள், தளவாயாரே?"

அதற்குத்தான் கோட்டை வாசல் தூணில் தாமே கோடு போட்டிருப்பதாகத் தளவாய் பெருமையாகச் சொன்னார். தலை கோட்டைத் தொட்டால் ஆள் வளர்ந்துவிட்டான், இருபத்தொன்று என்று சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தக் கோடு தப்பாதா என்று மருதப்பர் கேட்டார். தப்பவே தப்பாது என்று தளவாய் மீசையை முறுக்கினார்.

"அப்படியானால் இந்தப் பெண்ணையும் அங்கேயே நிறுத்திப் பார்ப்போம், மகாராஜா."

சபை எழுந்து வாசலுக்குப் போனது. அலர்மேலு நெட்டை. தூணோடு ஒட்டி நின்றபோது அவள் உச்சந்தலை கோட்டைத் தாண்டியே இருந்தது. தளவாய்க்கு முகம் கறுத்தது. உயரம் வேறு, வயது வேறு, வளர்ந்தவர்கள் எல்லாம் பெரியவர்களா என்று குதித்தார்.

"கோடு பொய் என்றால் சொல்லிவிடுங்கள்," என்றார் மருதப்பர். "அரும்பு மீசைகூட முளைக்காத உங்கள் படையில் பாதியை இன்றைக்கே தாய்மார்களிடம் ஒப்படைத்துவிடலாம்."

கோடு மெய்தான் என்றும், அந்தப் பெண் தன் இஷ்டப்படி போகலாம் என்றும் ராஜா தீர்ப்புச் சொன்னார். அலர்மேலு அழுதேவிட்டாள்.

"இன்னும் ஒருவர் வயதில் எனக்குச் சந்தேகம் உண்டு, மகாராஜா," என்றார் மருதப்பர். "தளவாயார் கொஞ்சம் தலைப்பாகையைக் கழற்றிவிட்டுத் தூணருகே நிற்கட்டும்."

ராஜா கண்ணைக் காட்டினார். தலைப்பாகை இறங்கியது. கோடு எங்கேயோ இருந்தது, வழுக்கைத் தலை எங்கேயோ இருந்தது. காவல்காரர்கள் சிரிப்பை அடக்க மாட்டாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

தளவாயின் தாயார் இருக்கிறாரா என்று மருதப்பர் விசாரித்தார். ஊரில் சுகமாக இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள்.

"பிறகென்ன, பிடித்துப் போய் ஒப்படைக்க வேண்டியதுதான். சட்டம் அவரே கேட்டு வாங்கியது."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மருதப்பருக்குப் போட்டார். தளவாயோ, கிழவிக்குத் தள்ளாமை, அங்கே எனக்கு யார் சமைத்துப் போடுவார்கள் என்று புலம்பினார்.

அலர்மேலு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"சமைக்கக் கற்றுக்கொண்டு வாருங்கள், சித்தப்பா. அதற்குள் வளர்ந்துவிடுவீர்கள்."